றுக்கியாவின் நீலச் சஹன்

எங்கள் மாதர் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறது. ஊருக்கு உதவிய பெண்கள் பத்துப் பேரைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம். செயலாளர் றிஷானா என் வீட்டுக்கு வந்து, “அசனா டீச்சர், உங்கட தங்கச்சி றுக்கியாவைப் பற்றி நீங்களே எழுதித் தாங்க. உங்களை விட ஆருக்கு அவவைத் தெரியும்?” என்றாள். முப்பத்திரண்டு வருடம் கிண்ணியாப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவள் நான். அந்தப் பத்துப் பேரில் என் பெயர் இருக்கிறதா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. இல்லை என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். றுக்கியா பொறுமைசாலி, கைராசிக்காரி, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிறவள். எல்லாம் உண்மை. அந்தப் பக்கத்தில் எழுதாததை இங்கே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு என் தங்கச்சி மேல் பொறாமை. நேற்று முந்தநாள் வந்த பொறாமை அல்ல. அவளுக்கு மூன்று வயது, எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது வந்தது. ஒரு பீங்கானால் வந்தது.

எங்கள் ஆட்கள் கல்யாணத்திலும் கந்தூரி விருந்திலும் தனித்தனித் தட்டில் சாப்பிடுவதில்லை. பெரிய தட்டு ஒன்றில் நெய்ச்சோற்றைக் குவித்து, கறிகளைச் சுற்றி வைத்து, ஐந்தாறு பேர் பாயில் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைப்போம். அந்தத் தட்டுக்குச் சஹன் என்று பெயர். ஊரில் எல்லோரிடமும் இருப்பது வட்டச் சஹன், அலுமினியத்தில் அல்லது எனாமலில். எங்கள் உம்மா வீட்டில் இருந்தது பீங்கான். முட்டை வடிவம். ஒரு சின்னப் பிள்ளையைப் படுக்க வைக்கலாம். வெள்ளையில் நீலமாகச் சீனாக்காரன் நாட்டுப் படம் ஒன்று அதில் முழுக்க ஓடும். அடுக்கடுக்காகக் கூரை வைத்த ஒரு வீடு. தண்ணீருக்குள் குனிகிற ஒரு மரம். ஒரு வள்ளம், அதில் ஒரு ஆள். மேலே இரண்டு குருவி. இடப்பக்கம் ஒரு பாலம், பாலத்தில் மூன்று பேர். கீழே நீளத்துக்கு ஒரு வேலி.

வாப்பாவின் வாப்பா துறைமுகத்துக்குள் நிற்கும் கப்பல்களுக்கு வள்ளத்தில் மீனும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுத்தவர். வெள்ளைக்காரத் துரைமார் ஊரை விட்டுப் போகிறபோது பங்களாச் சாமான்களை ஏலத்தில் விட்டார்கள். மற்றவர்கள் கட்டிலும் கதிரையும் எடுக்க, இவர் இதைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். துரைமார் அதில் முழு வான்கோழியை வைத்துச் சாப்பிட்டார்களாம். நாங்கள் வெள்ளிக்கிழமைச் சோறு சாப்பிட்டோம்.

சஹனில் சாப்பிடுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது. வாப்பா வீட்டுப் பக்கம் இருப்பார். உம்மா மரத்தடியில். அண்ணன் அஸாம் காக்கா வள்ளத்துப் பக்கம். எனக்கு வேலி. சோறு குறையக் குறைய மற்றவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒன்று வெளியே வரும். எனக்கு வேலிதான் வரும், வேலி முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேலி வரும். பாலத்துப் பக்கம் கடைக்குட்டி றுக்கியாவுக்கு. அவள் பிஞ்சு விரலால் சோற்றை ஒதுக்கி, “ஒராள் வந்திட்டார்! ரெண்டு பேர்! மூண்டு பேர்!” என்று கத்துவாள். வீடே சிரிக்கும். நான் ஒருமுறை பாலத்துப் பக்கம் போய் உட்கார்ந்தேன். “மூத்த பொம்புளப் புள்ள விட்டுக் குடுக்கிறதுதானே மகள்?” என்று உம்மா என்னை எழுப்பி வேலிக்கு அனுப்பினா. விட்டுக் கொடுத்தேன். மனதிலிருந்து கொடுக்கவில்லை.

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் குடியிருப்பார். எனக்குக் கல்யாணம் ஆனபோது வாப்பா குறிஞ்சாக்கேணியில் புது வீடு கட்டித் தந்தார். சுவர் பூசிய வாசம் போகாத வீடு, நாலு அறை, சீமெந்து நிலம். ஊர் முழுக்க என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. ஆறு வருடம் கழித்து றுக்கியாவுக்குக் கல்யாணம் வந்தபோது கட்டிக் கொடுக்க வாப்பா இல்லை. அவளுக்குக் கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடு. வீட்டோடு அலுமாரி, அலுமாரியோடு சஹன். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. உம்மாவும் அந்த வீட்டில்தானே இருந்தா. ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. புது வீட்டு அலுமாரியில் இருபத்துநாலு கண்ணாடிக் கோப்பைகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு பழைய பீங்கானை நினைத்து எரிந்தேன்.

றுக்கியா எட்டாம் வகுப்போடு நின்றவள். அவளுடைய மனுசன் அபூதாஹிர் வள்ளம் திருத்துகிறவர், துறைமுகத்திலும் கரையிலும் வேலை. மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆண். அவள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்றுதான் நான் நெடுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஊரில் ஒரு பெண் மௌத்தானால், அடக்க முன் உடலைக் குளிப்பாட்ட முதலில் தேடுவது அவளை. பிள்ளை பிறந்த வீட்டில் தாய்க்குக் காய மருந்து அரைக்க அவள். கல்யாண வீட்டுக் குசினியில் பத்துச் சட்டி கொதிக்கும்போது, மணத்தை வைத்தே எந்தச் சட்டிக்கு உப்புக் காணாது என்று சொல்லுவாள். என்னை ஊர் மேடையில் உட்கார வைக்கும், பொன்னாடை போர்த்தும். அவளைக் குசினிக்குள் கூப்பிடும். எது பெரிய மரியாதை என்று எனக்குத் தெரிய நாற்பது வருடம் போயிற்று. தெரிந்த பிறகு இன்னும் கூடத்தான் எரிந்தது.

சுனாமி வந்தபோது என் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. கடலுக்கு அத்தனை தூரத்தில் இருந்தும் வந்தது. இருபத்துநாலு கோப்பையில் ஒன்று மிஞ்சவில்லை. றுக்கியாவின் வீட்டில் கூரை போய்விட்டது, குசினிச் சுவர் போய்விட்டது. அலுமாரி மட்டும் கதவு இறுகிச் சேற்றுக்குள் மல்லாந்து கிடந்தது. நாலு நாள் கழித்துக் கதவை உடைத்தால், உள்ளே சேறு நிறைந்த சஹன், ஒரு கீறல் இல்லை. சனம் மையத்துகளை, கடல் அடித்துப்போன உடல்களை, தேடித் திரிந்த நாட்கள் அவை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் உயிர் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அதற்கு நன்றி சொல்லிச் சுக்ர் செய்த அதே வாயால், கடல்கூட ஆள் பார்த்துத்தான் எடுக்கிறது என்று முணுமுணுத்தவள் நான். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பிறகு கடலுக்குக் குறுக்கே பாலம் வந்தது. படகுப்பாதையில் காத்துக் கிடந்து டவுனுக்குப் போன காலம் முடிந்தது. பிள்ளைகள், “றுக்கியா சாச்சி வீட்டுச் சஹனில அந்தக் காலத்திலயே பாலம் கட்டியாச்சு” என்று பகிடி பண்ணின. அந்தப் பகிடிகூட என் வீட்டைப் பற்றி இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் டவுனிலிருந்து இராகுலன் என்று ஒரு தம்பி வந்தார். வங்கியில் வேலை. பழைய சாமான்களைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுவது பொழுதுபோக்கு. அபூதாஹிர் சொல்லித்தான் வந்திருக்கிறார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். அவர் சஹனைத் திருப்பி அடியில் தேய்ந்துபோன முத்திரையைப் பார்த்து, இதைச் சீனாவில் செய்யவில்லை, சீனப் பீங்கானைப் பார்த்து ஆசைப்பட்டு இங்கிலாந்தில் செய்தது என்றார்.

“அப்ப இது களவுப் படமா தம்பி?” என்று நான் கேட்டேன்.

அவர் சிரித்தார். “களவில்லை டீச்சர். பக்கத்து வீட்டுக்காரன்ட பொருளைப் பார்த்து, அதே மாதிரி எங்கட வீட்டிலயும் வேணும் எண்டு செய்தது.”

எனக்கு அந்தத் துரைமாரை அப்போதுதான் கொஞ்சம் பிடித்தது.

இராகுலன் படம் எடுத்தார். சஹனை மடியில் வைத்துக்கொண்டு முக்காட்டை இழுத்துவிட்டு வெட்கப்பட்டுச் சிரிக்கிற றுக்கியா. ‘கிண்ணியாவின் நீலச் சஹன்’ என்று தலைப்பு. நான் பக்கத்தில்தான் நின்றேன். படத்தில் என் முழங்கை மட்டும் இருக்கிறது.

அதோடு தொடங்கியது கூத்து. புது மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் வைக்கும் முதல் சோறு நீலச் சஹனில்தான் என்று ஊரில் ஒரு வழமையே உண்டாகிவிட்டது. யார் கேட்டாலும் றுக்கியா கொடுப்பாள். பழைய பெட்சீற்றில் சுற்றி, தானே கொண்டுபோய் வைத்து, தானே கழுவி எடுத்துக்கொண்டு வருவாள். ஒரு சதம் வாங்கமாட்டாள். அந்த வருடம் கல்யாணம் கட்டின பிள்ளைகள் எல்லாம் றுக்கியா சாச்சியின் கையால் சோறு தின்ற பிள்ளைகள்.

அந்த நேரம் என் மகள் இன்ஷிராவுக்குத் தோப்பூரில் இருந்து பேச்சு வந்தது. பையன் இஹ்ஸான், அவரும் ஆசிரியர். நல்ல குடும்பம். பெண் பார்க்க வந்த பையனின் உம்மா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னா: “உங்கட தங்கச்சி வீட்டு நீலச் சஹன்லதானே எங்கட மகனுக்கு முதல் சோறு?”

உங்கட தங்கச்சி வீட்டு. என் உம்மாவின் சஹன் என்று ஒருவருக்கும் நினைவில்லை. என் மகளின் கல்யாணத்துக்கு, நான் பிறந்த வீட்டு வாசலில் போய் நின்று, என்னில் ஆறு வயது இளையவளிடம் அதை இரவல் கேட்க வேண்டும். கேட்டால் தருவாள். மறுபேச்சில்லாமல் தருவாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இல்லை என்று சொல்லுகிறவளாக இருந்தால் ஒரு சண்டையாவது பிடித்திருக்கலாம்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சஹனில் மனிதர் உருவம் இருக்கிறது. இப்போதைய பிள்ளைகள் மார்க்க விஷயத்தில் கவனம், சுவரில் படம் மாட்டுவதில்லை. அப்படியிருக்க மாப்பிள்ளைச் சோற்றுக்கு உருவம் போட்ட தட்டா? ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் நான் சும்மா கதைக்கிறவள் இல்லை, முறையாகச் செய்கிறவள். நோன்புக்கு ஒரு மாதம் முந்தி, என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த நஸ்ரி மௌலவியைப் போய்க் கேட்டேன்.

அவர் எழுந்து நின்றுதான் பதில் சொன்னார். “டீச்சர், மதிச்சு உசத்தி மாட்டி வைக்கிற உருவம் வேற. சோத்துக்குக் கீழ கிடந்து எச்சில் படுற உருவம் வேற. தாராளமாப் பாவிக்கலாம். மனசு ஒப்பாட்டி நீங்க விடுங்க. ஆனா கூடாது எண்டு ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க.”

நான் ஒருவருக்கும் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த கிழமை றிஷானா வீட்டில் குர்ஆன் தமாம் ஓதி முடித்துப் பெண்கள் தேத்தண்ணி குடிக்கும்போது, நீலச் சஹனைப் பற்றிக் கதை வந்தது. வராவிட்டால் நான் கொண்டுவந்திருப்பேன். “அதில மனிசர்ட உருவம் கிடக்கே. எனக்கு மனசுக்குள்ள ஒரு மாதிரி. நஸ்ரி மௌலவியிட்டயும் கேட்டனான்” என்றேன்.

“என்ன சொன்னவர் டீச்சர்?” என்றாள் றிஷானா.

நான் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தேன். “பேணுதல் நல்லதுதானே, புள்ள.”

சந்தேகம் உள்ளதை விட்டு விலகி நிற்பதுதான் பேணுதல். ஒரு சொல்லும் பொய்யில்லை. முப்பத்திரண்டு வருடம் கட்டுரை திருத்தினவளுக்குப் பொய் சொல்லாமல் பொய் சொல்லத் தெரியாதா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது. பெருநாள் வருமுன்னமே, மௌலவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார், டீச்சரே போய்க் கேட்டாவாம் என்று கதை கடைத்தெரு வரை போய்விட்டது. கேட்டிருந்த மூன்று கல்யாண வீட்டுக்காரரும் ஏதேதோ சாட்டுச் சொல்லி எனாமல் சஹனுக்குப் போனார்கள். எனக்குச் சந்தோசம். ஒளிப்பானேன்? அன்றைக்கு ஆட்டிறைச்சி வாங்கிச் சமைத்தேன்.

றுக்கியா ஒரு பின்னேரம் வந்தாள். கதிரை நுனியில் உட்கார்ந்தாள். “ராத்தா, சஹனில அந்த உருவங்கள் சரியில்லையெண்டு மௌலவி சொன்னவராமே?”

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் போதும். “எனக்கென்ன புள்ள தெரியும். நீயே பாத்துச் செய்” என்றேன். அவள் மௌலவியிடம் போய்க் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ராத்தாவின் வாயில் வந்தால் அது மார்க்கக் கிதாபில் வந்த மாதிரி. “ஓம் ராத்தா” என்று எழும்பிப் போனாள்.

நோன்புப் பெருநாள் கழித்து இன்ஷிராவின் பேச்சு முற்றாகி, ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். நான் டவுனில் புதுச் சஹன் ஒன்று வாங்கினேன். தங்க நிறக் கரை போட்டது. கடைக்காரர் ஜப்பான் சாமான் என்றார். வீட்டில் வைத்துப் பார்த்தால் கடையில் இருந்த வடிவு இல்லை. நல்ல சாமான்தான், என் கண்தான் வேறெதையோ தேடியது.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது றுக்கியா மறுபடி வந்தாள். அபூதாஹிர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். கையில் அந்தப் பழைய பெட்சீற்றுப் பொட்டலம். மேசையில் வைத்து அவிழ்த்தாள்.

சஹன்தான். வீடு இருந்தது, மரம் இருந்தது, வள்ளம் இருந்தது. வள்ளத்தில் ஆள் இல்லை. மேலே குருவி இருந்த இடம் வெறுமை. பாலம் வளைந்து நின்றது, அதன்மேல் மூன்று ஆளும் இல்லை. அவர்கள் நின்ற இடத்தில் மினுக்கம் போய், உப்புப் படிந்த மாதிரி ஒரு சொரசொரப்பு.

“அழிச்சிட்டன், ராத்தா” என்றாள். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தாள். “மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. லேசில விடேல்ல. முதல்ல வள்ளம் தேய்க்கிற தாளால தேய்ச்சனான். சரிவரேல்ல. பிறகு இவர் உளி தீட்டுற கல்லுத் தந்தவர். பதினொரு நாள். பாலம் உடைஞ்சிராம அந்த ஆக்களை மட்டும் எடுக்கிறதுதான் கஷ்டமாப் போச்சு.” அவளுடைய வலக்கைப் பெருவிரலில் தோல் உரிந்து கிடந்தது.

“ஏன் புள்ள இப்பிடிச் செய்த?” என்றேன்.

“பின்னே? நீங்கதானே பேணுதல் எண்டு சொன்னது. உங்கட மகளுக்குக் குடுக்கிற சாமான் உங்கட மனசுக்குச் சரியா இருக்க வேணாமா?” இன்ஷிராவைப் பக்கத்தில் இழுத்தாள். “இது இனி உன்ட, மகள். எனக்குப் பொம்புளப் புள்ள இல்ல. உம்மா மௌத்தான அண்டைக்கே நினைச்சனான், வீடு எனக்கு வந்திச்சு, சஹனாவது ராத்தாட பக்கம் போகட்டும் எண்டு. கல்யாணம் சரிவர முதல் சொன்னா, சீதனம் காட்டி மாப்பிள்ளை பிடிச்ச மாதிரி ஆகிரும். அதான் வாயைத் திறக்கேல்ல.”

பெண்வழியாகத்தான் எதுவும் போகும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கு மூன்றும் ஆண் என்பதும் எனக்குத் தெரியும். கூட்டிப் பார்த்திருந்தால் சஹன் என் மகளுக்குத்தான் வரும் என்று இருபது வருடத்துக்கு முன்னமே விளங்கியிருக்கும். பொறாமை கூட்டிப் பார்க்க விடவில்லை.

அப்போதும் சொல்லவில்லை. “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றேன்.

கல்யாண நாள். நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாயிற்று. கூடத்தில் பாய் விரித்து, வெள்ளைத் துணி போட்டு, நீலச் சஹனில் நெய்ச்சோறு. மாப்பிள்ளை இஹ்ஸான், அவருடைய வாப்பா, என் மனுசன், அஸாம் காக்கா, நஸ்ரி மௌலவி, ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அபூதாஹிர் கெண்டியால் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். குசினி வாசல் திரைக்குப் பின்னால் நானும் றுக்கியாவும் நின்றோம். சம்பந்திப் பெண்கள் எட்டி எட்டிச் சஹனைப் பார்த்துச் சந்தோசப்பட்டார்கள்.

பாலத்துப் பக்கம் மௌலவிக்கு வந்தது. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். சோறு குறைந்தது. கல்லால் தேய்த்த இடத்தில் கறியின் மஞ்சள் ஏறி, மூன்று ஆளும் நின்ற இடம் மஞ்சள் திட்டாகத் தெரிந்தது. மௌலவியின் கை நின்றது.

“டீச்சர்” என்று திரைப்பக்கம் பார்த்துக் கேட்டார். “இதில மூண்டு பேர் இருந்தாங்களே? சின்ன வயசில உங்கட உம்மா வீட்டுக் கந்தூரிக்கு வந்து நான் எண்ணியிருக்கிறன். ஆர் இதைச் சுரண்டினது? உங்களுக்கு அண்டைக்கே சொன்னனான்தானே, தாராளமாப் பாவிக்கலாம் எண்டு?”

சம்பந்தியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. றிஷானா என்னைத் திரும்பிப் பார்த்தாள். றுக்கியா பார்க்கவில்லை. அவளுடைய தோள் என் தோளோடு ஒட்டி இருந்தது. ஒரு மூச்சு உள்ளே போனது எனக்குத் தெரிந்தது.

“அது நான்தான் மௌலவி” என்றாள் றுக்கியா, திரைக்குப் பின்னால் இருந்து, சாதாரணமாக. “பாவிக்கலாம் எண்டு ராத்தா சொன்னவதான். நான்தான் விளங்காம, மனசு கேக்காமச் செய்திட்டன். படிப்பில்லாத ஆள்தானே.”

ஆண்கள் சிரித்தார்கள். “பரவாயில்ல, பாலம் இருக்குத்தானே” என்றார் மாப்பிள்ளையின் வாப்பா. மறுபடியும் கைகள் சோற்றுக்குப் போயின.

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அந்த வெட்கத்தின் பின்னாலேயே, சொல்லக் கூசுகிறது, பொறாமையும் வந்தது. அவளால் எனக்காக ஒரு பொய்யை இவ்வளவு சுளுவாகச் சொல்ல முடிந்தது. என்னால் அவளுக்காக ஒரு உண்மையைச் சொல்ல முடியவில்லை.

ஆண்கள் எழும்பிய பிறகு, சஹனைக் கழுவிப் பெண்களுக்குச் சோறு வைத்தார்கள். சம்பந்தியம்மா, றிஷானா, இன்ஷிரா, நான், றுக்கியா. நான் பழக்கத்தில் வேலிப் பக்கம் உட்காரப் போனேன்.

“இஞ்ச வாங்க ராத்தா” என்று றுக்கியா கையைப் பிடித்தாள். “பாலத்துப் பக்கம் நீங்க இருங்க. சின்னனில இருந்து உங்களுக்கு அதுதானே விருப்பம்.”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது. நான் உட்கார்ந்தேன். அவள் வேலிப் பக்கம் உட்கார்ந்தாள். மற்றவர்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்க, அவள் குனிந்தபடி எனக்கு மட்டும் கேட்கக் கேட்டாள்:

“மௌலவி எப்ப சொன்னவர்?”

“நோன்புக்கு முந்தி” என்றேன்.

அவள் தன் பெருவிரலைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்தில் இருந்த நல்ல இறைச்சித் துண்டு ஒன்றை எடுத்து என் பக்கம் வைத்தாள்.

“சாப்பிடுங்க ராத்தா. சோறு ஆறுது.”

சாப்பிட்டேன். ஒவ்வொரு கவளமாகச் சோற்றை ஒதுக்கினேன். முதலில் பாலத்தின் ஒரு கால் வந்தது, பிறகு வளைவு வந்தது. விரலில் சொரசொரப்புத் தட்டியது. ஐம்பத்துநாலு வருடத்துக்குப் பிறகு பாலத்துப் பக்கம் எனக்குக் கிடைத்தது. பாலத்தில் ஒருவரும் இல்லை.